உள்ளே விடுகிற துணி

ஏழுதான் மிச்சம். கலாமணி பட்டன் டப்பாவைக் கட்டிங் மேஜையில் கவிழ்த்து, கொக்கிகளையும் உடைந்த சாக்பீஸ் துண்டுகளையும் விரலால் ஒதுக்கி இன்னொரு தரம் பார்த்தாள். ஒதுக்கினால் எட்டாகிவிடுமா என்ன, ஏழேதான். மெரூன் நாடாவில் தங்கநிற நூலால் நெய்த ஏழு லேபிள்கள். ஒவ்வொன்றிலும் 'கலாமணி சண்முகவேல்', அடியில் பொடியாக 'உடுமலை'. திருப்பூர் லேபிள்காரர் தனபால் விடிந்ததும் விடியாததுமாகப் போன் பண்ணிவிட்டார். "அக்கா, பன்னெண்டு மணிக்கு உங்க நாடாவைத் தறியில ஏத்தறேனுங்க. ஒருக்கா ஏத்திட்டா ஆயிரத்துக்குக் கொறஞ்சு நிறுத்த முடியாது. அதே பேருதானுங்களே?" என்று கேட்டார். பதினொரு வருசமாகக் கேட்கிற கேள்வி. பதினொரு வருசமும் "அதேதானுங்க" என்று சொல்லிவிட்டு மிசினை மிதிக்கப் போனவள்தான் இவளும். இன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. "பன்னெண்டுக்குள்ள சொல்றேனுங்க" என்று போனை வைத்தாள். விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்து ஐந்து வாரம் ஆயிற்று. அதை பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டியும் ஆயிற்று. ஆனால் கடை போர்டிலும் லேபிளிலும் அந்தப் பேர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, வீட்டைக் காலி பண்ணியும் சாவியைத் தராத குடித்தனக்காரன் மாதிரி. வக்கீல் அன்றைக்கே சொன்னார், "வெச்சுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்ங்க, சட்டம் ஒண்ணும் சொல்லாது." இஷ்டமாம்! முப்பத்தெட்டு வயசு வரைக்கும் எதையாவது உன் இஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே அதை எப்படிப் பண்ணுவது என்று பழகியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தே கால்.

சரி, கையில் இருக்கிற வேலையைப் பார்ப்போம் என்று சுகுணாவின் ஜாக்கெட்டை எடுத்தாள். அதை எடுத்ததும் அடுத்த கஷ்டம் வந்து நின்றது. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருக்கும்போதே சுகுணா வந்துவிட்டாள். சண்முகவேலின் கூடப் பிறந்த தங்கை. போன மாதம் வரைக்கும் நாத்தனார், இப்போது என்ன முறை என்று யாரைக் கேட்பது? இந்தப் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் வரும்போதே "நங்கையோவ், டீ வெச்சாச்சா?" என்று கத்திக்கொண்டு வருகிற பெண், இன்றைக்குப் படியில் நின்று வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து "இருக்கீங்களாங்க?" என்றாள். மூணாம் மனுசியைக் கேட்கிற மாதிரி. ஊதுபத்தியைச் செருகிவிட்டுத் திரும்பிய கலாமணிக்கு அது சுருக்கென்றது. சுகுணாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகம் சுண்டிப் போயிற்று. "நாளைக்கு எங்க கல்யாண நாளுங்க, பன்னெண்டு வருசமாச்சு. முகூர்த்தச் சேலையைக் கட்டீட்டு பழனிக்குப் போலாம்னு அவர் சொல்றாரு. ஜாக்கெட் முழங்கைக்கு மேல ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சு விட்டுக் குடுங்க, மத்தியானம் வாரேன்" என்று பையை மேஜையில் வைத்துவிட்டு, பேசினது போதும் என்கிற மாதிரி வண்டியை எடுத்துப் போய்விட்டாள். போகிறவள் வேறு டெய்லரிடம் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள். இங்கேதான் வந்தாள். ஆனால் நங்கையா என்று கூப்பிடாமல் வந்தாள். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கலாமணிக்குத் தெரியவில்லை, பிளேடை எடுத்துப் பாதியாக உடைத்து அக்குள் தையலில் நுழைத்தாள்.

பேரைச் சொல்வதில் என்ன இருக்கிறது, நாக்கில் முள்ளா குத்தப் போகிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கும். குத்தும் என்று சொல்லித்தான் கலாமணியை வளர்த்திருந்தார்கள். கட்டினவன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னாள். யாராவது சொல்லிப் பார்த்துச் சோதித்தார்களா என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவது, ஆஸ்பத்திரியில் கேட்டால் மகள் சுபிக்ஷாவைக் கிள்ளி "அப்பா பேரு சொல்லு கண்ணு" என்பது, பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் சீட்டில் எழுதிக் காட்டுவது, இப்படியே பதினைந்து வருசத்தை ஓட்டியாயிற்று. அதிலும் சாமி பேராக வாய்த்துவிட்டதா, கேட்க வேண்டுமா? பழனி மலைப் படியில் கூட்டமே சண்முகா சண்முகா என்று உருகும்போது இவள் மட்டும் முருகா என்று ஓரமாக ஒதுங்குவாள். வேல் வேல் என்று பக்கத்தில் கத்தினால் உதட்டை மட்டும் அசைப்பாள், முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் வாயால் சொல்லாத அதே பேரை வருசத்துக்கு ஆயிரம் தரம், ஆயிரம் ஜாக்கெட்டின் பின்கழுத்தில் ஓரம் மடித்துத் தைத்தவளும் இவள்தான். ஊரில் பாதிப் பொம்பளைகள் என் புருசன் பேரை முதுகில் வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்கும் சீருக்கும் போகிறார்கள் என்று நினைத்து, மிசினில் தனியாக உட்கார்ந்து சிரித்த நாளெல்லாம் உண்டு. கடைசியில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது எங்கே தெரியுமா, கோர்ட்டில். ஜட்ஜம்மா தலையை நிமிர்த்தாமலே "கணவர் பேர் என்னம்மா?" என்றார். கலாமணி பழக்கதோசத்தில் பக்கத்தில் சுபியைத் தேடினாள். பிள்ளை ஸ்கூலில் இருந்தது. வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கை தூரத்தில் நின்றிருந்த அந்த மனுசன் திரும்பி இவளைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் நேராகப் பார்த்த பார்வை. "சண்முகவேல்" என்றாள். அவர் சட்டென்று "ஏன்?" என்றார், வீட்டில் கூப்பிட்டால் கேட்கிற மாதிரி. அப்புறம் இடம் நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து அழுகை முட்டியது, அதைவிட வெட்கக்கேடு, அன்று சாயந்தரம் சுகுணாவுக்குப் போன் பண்ணி "உங்க அண்ணன் பத்திரமா ஊடு வந்து சேந்துட்டாருல்ல?" என்று கேட்டதுதான். ஆயுசு பயம்! ரத்து பண்ணிவிட்டு வந்த கல்யாணத்துக்கு ஆயுசு பயம்.

முதல் தையல் பிரிந்தது. நூலை ஊதிவிட்டு அடுத்த தையலுக்குப் பிளேடை வைத்தாள். யோசித்துப் பார்த்தால் லேபிளில் அந்தப் பேர் ஏறினதே இவள் சொல்லி இல்லை. பதினொரு வருசத்துக்கு முன்னால் கடை வைத்த புதிதில், தனபால் சைக்கிள் பையில் லேபிள் மாதிரிகளை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய காலம். "என்ன பேரு போடலாமுங்க?" என்றார். கலாமணி என்று மட்டும் போடத்தான் இவளுக்கு ஆசை. ஸ்பெல்லிங் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று ஓட்டர் ஐடி ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டாள். அந்தப் புண்ணியவான் அதில் பெயர் என்று இருந்ததையும் கணவர் பெயர் என்று இருந்ததையும் ஒட்டவைத்து ஆயிரம் லேபிள் நெய்து கொண்டுவந்து நின்றார். அது வேண்டாம் இதை எடுங்க என்று சொல்ல வேண்டுமானால் எதை எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் வராதே. "பரவால்லைங்க, இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள். கூச்சத்தில் ஒட்டிக்கொண்ட பேர் அது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அன்றைக்குச் சாயந்தரம் அவர் அதைப் பார்த்து எப்படிப் பூரித்துப் போனார். நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "என்ற பேரு தங்கத்துல!" என்றார். ஒரு லேபிளை வெட்டி பர்ஸில் போட்டோவுக்குப் பின்னால் சொருகிக்கொண்டார். அன்று ராத்திரி பரோட்டா வாங்கிவந்தார். இதையெல்லாம் மறந்துவிட முடிந்தால் எத்தனை சௌகரியமாக இருக்கும். குடிகாரன், அடிக்கிறவன் என்று சொல்ல முடிந்தாலும் சௌகரியம்தான். அவர் அதெல்லாம் இல்லை. அந்த லேபிள் இன்னும் அந்தப் பர்ஸில் இருக்குமா என்று ஒரு நினைப்பு ஓடியது, அதைத் தடுக்கவும் முடியவில்லை.

இவளோடு பேச்சை நிறுத்திவிட்டார், அதுதான் அவர் பண்ணினது. அவர் வைத்திருந்த கமிஷன் மண்டி நொடித்தது, அது ஒரு பக்கம். ஜாக்கெட் கடை பிடித்துக்கொண்டது, அது இன்னொரு பக்கம். டீக்கடையில் யாரோ "யாரு, கலாமணி புருசனா? ஜாக்கெட் கடைக்காரம்மா ஊட்டுக்காரருதானே?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவன் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பான். அவருக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஊரெல்லாம் அவர் பேரைத் தங்க நூலில் போட்டுச் சுமக்கிறது, அவரை மட்டும் அவர் பேரால் கூப்பிட ஆளில்லை; பாவம்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் அதற்கு நாலு வருசமா? "உங்கம்மாகிட்ட சாப்பாடு போடச் சொல்லு", "உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு", நடுவில் சுபி தபால்காரி மாதிரி சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே வளர்ந்தது. கலாமணி முதலில் அழுதாள், அப்புறம் கத்தினாள், அப்புறம் இவளும் "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் பிள்ளை நடுவில் நின்று, "ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க, எனக்குக் கால் வலிக்குது" என்றது. அன்றைக்குத்தான் முடிவானது. கையெழுத்துப் போடும்போதுகூட இருவரும் சண்டை போடவில்லை. இப்போது அவர் பல்லடத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வந்து கூட்டிப்போகிறார், நன்றாகப் பேசுகிறாராம். பேசட்டும். நிம்மதியாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லவும் ஒரு கூச்சம்.

அப்படியானால் அப்பா பேரைப் போட்டுக்கொள்ளேன் என்கிறான் அண்ணன். "நா. கலாமணின்னு போட்டுக்க, நாச்சிமுத்து பொண்ணுன்னா ஊர்ல ஒரு மதிப்பு." பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நா. கலாமணி. அந்தப் பேருக்கு எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணைப் போய்க் கூப்பிட்டு வா, உன் பேரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றால் வருவாளா? அதுவும் போகட்டும். போன தை மாசம் அண்ணன் புதுவீடு புகுந்தான். பத்திரிக்கை அச்சடித்து வந்தது. தங்கள் வருகையை எதிர்நோக்கும் என்று கீழே வரிசை வரிசையாகப் பேர்கள். பெரியக்காவும் மாமாவும், சின்னக்காவும் மாமாவும், சித்தப்பா பெண்ணும் மாப்பிள்ளையும், எல்லாம் ஜோடி ஜோடியாக. கலாமணியைக் காணோம். கண்ணாடி போட்டுத் தேடினாள். கடைசியில் 'மற்றும் குடும்பத்தார்' என்று ஒரு வரி. அண்ணி இழுத்து இழுத்துச் சொன்னாள், "அம்மிணி, கேசு நடக்குது, மாப்பிள்ளை பேரைப் போடறதா வேண்டாமான்னு தெரீலை. உன்ற பேரை மட்டும் தனியாப் போட்டா பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்கல்ல, அதான்..." கலாமணி சிரித்துக்கொண்டே போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்து, அத்தனை பேருக்கும் பரிமாறிவிட்டு வந்தாள். மற்றும் குடும்பத்தார் வேறென்ன பண்ணும்? தன் பேரைப் போட இடமில்லாத வீட்டின் பேரைக் கொண்டுவந்து லேபிளில் போடுவதாம். அப்பா மேல் வருத்தமில்லை, அவருக்கு இப்போதெல்லாம் காது கேட்பதில்லை. ஆனாலும் அந்தப் பத்திரிக்கையை நினைத்தால் இன்னும் கண் எரிகிறது.

மணி பதினொன்று. வெளியே பூக்காரம்மா கதம்பம் என்று கத்திக்கொண்டு போனாள். எல்லாவற்றையும்விட அறுத்துக்கொண்டிருப்பது சுபி காலையில் கேட்டதுதான். லேபிள்காரர் பேசினதைப் பல் தேய்த்துக்கொண்டே கேட்டிருக்கிறது. பதிமூணு வயசு, காதுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சாதாரணமாகத்தான் கேட்டது: "அம்மா, நீ அந்தப் பேரை எடுத்துட்டா, அந்தப் பேர்ல நான் ஒருத்திதான் இருப்பனா?" பிள்ளைக்கு ச. சுபிக்ஷாதான். அது மாறாது, மாற வேண்டியதும் இல்லை, அவள் அப்பா அவளுக்கு அப்பாதான். கலாமணி தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அனுப்பினதிலிருந்து மனசு ஆறவில்லை. ஆற்றைத் தாண்டி அம்மா இந்தக் கரையில், பிள்ளை மட்டும் அந்தக் கரையில் ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு காட்சி வந்து வந்து போகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது, உங்கம்மாவுக்கு ஏன் வேற பேரு என்று கேட்டால்? பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பாரத்தில் கேட்டால்? அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, பேர் என்ன சோறா கேட்கிறது, பதினொரு வருசம் ஓடின பேர், ஊருக்குத் தெரிந்த பேர், அந்தப் பேரை ஊருக்குத் தெரியவைத்ததே நான்தானே, அது பாதி என் சம்பாத்தியம் இல்லையா, விட்டுக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? கை போனை எடுத்தது. அதே பேர் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எடுத்த கை அப்படியே நின்றது. அதே பேர் என்று சொல்லச் சொல்ல, அதே கூச்சத்தைத்தான் இன்னும் ஆயிரத்துக்கு நெய்யச் சொல்கிறோம் என்று பட்டது. போனை வைத்துவிட்டாள்.

அளவு பார்க்கலாமே என்று நோட்டை எடுத்தாள், நேரம் போக வேண்டும் அல்லவா. தடிமனான நோட்டு, அட்டை பிய்ந்து பிளாஸ்டிக் டேப் ஒட்டியது. சுகுணாவின் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது, இத்தனை வருசம் கண்ணில் படாத ஒன்று பட்டது. 'வக்கீல் வீட்டம்மா, மார்பு 38.' 'மளிகைக்கடை பொன்னுசாமி சம்சாரம், கை நீளம் 9.' 'ஈபி ஆபீசர் வீடு.' 'மாடி வீட்டு மருமகள்.' புரட்டப் புரட்ட இதேதான். பேர் என்று பார்த்தால் பத்துக்கு ஒன்று தேறவில்லை. மளிகைக்கடைக்காரர் சம்சாரத்துக்கு ஒன்பது வருசமாகத் தைக்கிறாள். அவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்று தெரியும், இரண்டாவது பிரசவத்துக்கப்புறம் இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியது என்று தெரியும், கழுத்தில் எங்கே மச்சம் என்று தெரியும். பேர் தெரியாது! அட பாவி கலாமணி, அண்ணன் பத்திரிக்கையில் உன் பேரைக் காணோம் என்று கண் எரிந்தாயே, நீ ஒரு நோட்டு முழுக்க மற்றும் குடும்பத்தாராக எழுதி வைத்திருக்கிறாயே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. அந்தப் பெண்களும் இப்படித்தான் கூசியிருப்பார்கள், பேர் கேட்டால் புருசன் பேரைத்தான் கேட்கிறார்கள் என்று பிள்ளையைப் பார்த்திருப்பார்கள், இவளும் சரியென்று எழுதியிருப்பாள். நடுப்பக்கத்தில் சுகுணா கிடைத்தாள். 'நாத்தனார், மார்பு 32' என்று எழுதியிருந்தது.

முப்பத்திரண்டு! கல்யாணப் பெண்ணாக எத்தனை ஒல்லி. கலாமணி பிரித்த தையலை இரு பக்கமும் பிடித்து விரித்தாள், அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரிப்பூ நிறப் பட்டு, வெளியே பன்னிரண்டு வருசத்து வேர்வையிலும் வெயிலிலும் மங்கி, சாம்பல் பூத்தாற்போல இருந்தது. தையலுக்கு உள்ளே மடித்துக் கிடந்த ஒன்றரை அங்குலம் மட்டும் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. கண்ணைப் பறித்தது. அதைத் தைத்தபோது கடையும் இல்லை, லேபிளும் இல்லை, வீட்டு வாசலில் ஒரு பழைய மிசின்தான். "என்னத்துக்கு நங்கையா இவ்வளவு துணியை உள்ள விடறீங்க, பிடிப்பா தைங்க, போட்டோவுல நல்லா வரோணும்" என்று சுகுணா சிணுங்கினாள். "பொம்பளை ஒடம்பு இப்பிடியே இருக்காது சாமி. நாளைக்கு என்னென்ன வருமோ, உள்ள துணி இருந்தாத்தான் ஜாக்கெட் பொழைக்கும்" என்று இவள்தான் சொன்னாள். அப்போது இருபத்தாறு வயசு. எத்தனை சாமர்த்தியம் பாருங்கள், ஊராருக்கெல்லாம் உள்ளே துணி விட்டுத் தைத்தவள், தனக்கு மட்டும் தையலை ஓரத்தோடு ஓரமாகப் போட்டுக்கொண்டாள். சுபியின் யூனிபார்மையும் ஆனி மாசம் வந்தால் பிரித்துத்தான் விடுகிறாள். தோளில் கொஞ்சம், இடுப்பில் கொஞ்சம், பாவாடை மடிப்பில் ஒரு விரற்கடை. எந்தப் பேரில் இருந்தால் என்ன, அந்தப் பிள்ளையின் அளவு இந்தக் கையில் அல்லவா இருக்கிறது? நோட்டில்கூட அவளுக்குப் பக்கம் கிடையாது, பார்த்தாலே தெரியும். அந்தக் கரை, இந்தக் கரை என்று எதற்கு மனசைப் போட்டு அடித்துக்கொண்டோம்? சாயந்தரம் வந்ததும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பட்டின் அந்தப் புதுநிறத்தைக் கட்டைவிரலால் நீவினாள்.

போன் அடித்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிசம். "அக்கா, ஏத்தீரட்டுங்களா?" என்றார் தனபால். பின்னால் தறி கடகடவென்று ஓடுகிற சத்தம். "பேரு மாறுதுங்க. ஒண்ணை எடுக்கோணும்." "எதைங்க? தெளிவாச் சொல்லீருங்க. போன மாசம் ஒருத்தர் ஒண்ணை எடுங்கன்னாரு, நாங்க ஊர்ப்பேரை எடுத்துட்டோம், ஆயிரமும் வீணாப் போச்சு." பதினொரு வருசம் கழித்து அதே இடத்தில் வந்து நிற்கிறது. பிள்ளை பக்கத்தில் இல்லை. ஓட்டர் ஐடியை நீட்ட முடியாது. கலாமணி மூச்சை இழுத்தாள். கோர்ட்டில் சொன்னது நினைவு வந்தது, அவர் ஏன் என்று கேட்டதும் நினைவு வந்தது. நூறு வயசு இருக்கட்டும், சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. "சண்முகவேல்" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், தெருவில் போன பூக்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். "சண்முகவேல்ங்கற பேரை எடுத்துருங்க. கலாமணி இருக்கட்டும், ஊரு இருக்கட்டும்." தனபால் விவரம் தெரிந்தவர், ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க்கா. அப்பக் கலாமணியை நடுவுக்குக் கொண்டாந்தரட்டுங்களா? இல்லாட்டி பாதி நாடா வெறுமையா நிக்கும், பாக்க ஒரு மாதிரியா இருக்குமுங்க." கலாமணி மேஜையில் விரிந்து கிடந்த பட்டைப் பார்த்தாள். "வேண்டாமுங்க. அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அந்தப் பக்கம் காலியாவே விடுங்க." "காலியா எதுக்குங்க?" "உள்ள துணி விட்டுத் தைக்கறதில்லீங்களா, அந்த மாதிரி." தனபாலுக்குப் புரிந்ததோ என்னவோ, "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சிரித்து வைத்துவிட்டார். பயம் மாதிரியும் இருந்தது, வெகு நாள் காய்ச்சல் விட்டு முதல்முதலாகப் பசிக்கிற மாதிரியும் இருந்தது. ஏழு லேபிளையும் கூட்டி ஒரு துணித் துண்டில் சுற்றி, கைப்பையில் வைத்தாள். சுபிக்குத்தான். உங்கப்பா பேரும் என் பேரும் தங்க நூலில் சேர்ந்து இருந்த காலம் ஒன்று உண்டு கண்ணு, பொய்யில்லை, நீ வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் மிசினில் உட்கார்ந்து, இரு பக்கமும் ஒரு அங்குலம் விட்டுப் புதுத்தையல் போட்டாள். மீதி அரை அங்குலத்தை உள்ளேயே விட்டாள், இன்னும் என்னென்ன வருமோ. சுகுணா வந்தபோது ஒரு மணி. மறுபடி படியில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். "உள்ள வா, போட்டுப் பாரு" என்று கலாமணி ஜாக்கெட்டை நீட்டினாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கொக்கி மாட்டுகிற சத்தம், அப்புறம் "அட, பொருந்தீருச்சு!" என்று ஒரு குரல். திரையை விலக்கி வந்து நின்றாள். இரண்டு விலாவிலும் மங்கின பட்டுக்கு நடுவே புதுநிறம் ஒரு கோடாகத் தெரிந்தது. "இது வெளிய தெரியுமுங்களா?" "சேலை மறைச்சுக்கும். தெரிஞ்சாத்தான் என்ன, நல்லாத்தானே இருக்குது." சுகுணா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கலாமணி இஞ்ச் டேப்பைச் சுற்றி அளவெடுத்து, நோட்டில் நடுப்பக்கத்தைத் திறந்து முப்பத்திரண்டை அடித்து முப்பத்தாறு என்று எழுதினாள். அதற்கு மேலே 'நாத்தனார்' என்று இருந்தது. பேனா அதன் மேல் போய் நின்றது. அடிக்க மனசு வரவில்லை, விடவும் வழியில்லை. "சுகுணா, இதை மாத்தி எழுதோணும். உன்னை என்னன்னு எழுதட்டும்?" என்றாள். சுகுணா கண்ணாடியிலேயே இவளைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, கலங்கின கண்ணோடே பழைய அதட்டல் வந்தது. "என்னன்னு எழுதுவாங்க? என்ற பேரு மறந்து போச்சா? சுகுணான்னு எழுதுங்க நங்கையா."